சிறு டவர்களின் அத்திவாரம்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

10 முதல் 18 மீற்றர் வரை உயரமுள்ள சிறு டவர்களுக்கான குறிப்பு இது. இணைய இணைப்புக் கொடுப்பவர்கள், பாடசாலைகள், மீனவர் சங்கங்கள், அமெச்சூர் வானொலிக்காரர்கள் வைக்கும் ரகம். தொலைபேசி நிறுவனங்களின் பெரிய டவர்களுக்கு மண் பரிசோதனையும் பொறியியலாளரின் வரைபடமும் இருக்கும். அங்கே இந்தக் குறிப்புக்கு வேலையில்லை. சிறியது என்பதற்காக அனுமதி தேவையில்லை என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் உங்கள் பிரதேச சபையிடமும் முதலில் கேட்டுவிடுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மேசன்மார் வீட்டு அத்திவாரத்தில் கைதேர்ந்தவர்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வீடு கீழ்நோக்கி அழுத்தும், மண் தாங்கினால் போதும். டவரின் சொந்த நிறை சில நூறு கிலோதான். காற்று அதைச் சாய்க்கப் பார்க்கும்போது ஒரு பக்கத்துக் கால் அழுத்தும், மறு பக்கத்துக் கால் மண்ணை விட்டு மேலே பிடுங்கும். அதைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் கொங்கிறீட்டின் நிறை. அந்த நிறையோ தண்ணீருக்குள் குறைந்துவிடும். ஒரு கன மீற்றர் கொங்கிறீட் காய்ந்த மண்ணில் ஏறத்தாழ 2.4 தொன், நிலத்தடி நீர் மேலேறி அதை மூடினால் 1.4 தொன்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள். கிழக்குக் கரை முதலாம் வலயம், சாதாரணக் கட்டடத்துக்கே வினாடிக்கு 49 மீற்றர் காற்று வேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தும். 1.2 மீற்றர் விட்டமுள்ள ஒரு மூடிய டிஷ்ஷை 15 மீற்றர் உயரத்தில் வைத்தால், அதன் வடிவத்துக்கான பெருக்கத்தையும் (உருவக் காரணி) சேர்த்து 250 கிலோவுக்கு மேல் தள்ளும். அடியில் அதன் புரட்டு விசை (தள்ளும் விசை × உயரம்) 3.8 தொன்-மீற்றர். டவரின் கம்பிகளில் படும் காற்றை இன்னும் சேர்க்கவேயில்லை. 2 மீற்றர் சதுரமும் 1 மீற்றர் ஆழமும் உள்ள கொங்கிறீட் கட்டை தண்ணீருக்குள் 5.6 தொன். நடுவிலிருந்து விளிம்புக்குள்ள நெம்பு தூரம் 1 மீற்றர், ஆகவே அதன் எதிர்ப்பு 5.6 தொன்-மீற்றர், ஒன்றரை மடங்குப் பாதுகாப்பு வைத்தால் 3.7. அதாவது அந்த ஒரு டிஷ்ஷுக்கே அது போதவில்லை. ஆகஸ்டில் அசையாமல் நின்ற டவர் டிசம்பரில் ஏன் சாய்ந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

இனிக் கோளாறுகள்.

கிடங்கில் தண்ணீர் ஊறுகிறது, அடியில் மணல் கொதிக்கிறது

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை என்று எழுவான்கரை முழுக்க ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி அல்லது வயல். நடுவில் இருப்பது மணல். இடுப்பளவு தோண்டும் முன்பே தண்ணீர் வந்துவிடும் இடங்கள் உண்டு. உடனே பம்பைக் கிடங்குக்குள் இறக்கி இறைப்பார்கள். வெளியே இருக்கும் தண்ணீர் அடியால் மேலே தள்ள, மணல் குமிழி விட்டுக் கொதிக்கும். அப்படிக் கொதித்த மணலுக்குத் தாங்கும் பலமே இல்லை. அதன்மேல் கொங்கிறீட் போட்டால் பிறகு ஒரு பக்கமாக இறங்கும்.

பம்பிலிருந்து வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். அடியில் மணல் படிந்தால் நீங்கள் தண்ணீரோடு மண்ணையும் இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்திவிட்டு, அத்திவாரம் வரும் சதுரத்துக்கு வெளியே, கிடங்கின் அடியைவிட ஒன்றரை அடி ஆழமாக ஒரு சிறு குழி எடுங்கள். துளை போட்ட பிளாஸ்டிக் பரலில் துணி சுற்றி அதற்குள் இறக்கி, பம்பை அந்தப் பரலுக்குள் வையுங்கள். நீர்மட்டம் மெதுவாக இறங்கும், கொதிப்பு அடங்கும். கொங்கிறீட் போட்ட பிறகும் மறுநாள் வரை இந்த வெளிப்பம்ப் ஓட வேண்டும். இடையில் நின்றால் தண்ணீர் பச்சைக் கொங்கிறீட்டை ஊடுருவி மேலே வரும், சீமெந்து கழுவுண்டு போகும். தேங்கிய தண்ணீருக்குள் தாச்சி தாச்சியாகக் கொட்டுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

மணல் கிடங்கின் சுவர் எச்சரிக்கை தராது. நெஞ்சளவுக்கு மேல் ஆழம் என்றால் பக்கங்களைச் சரிவாக வெட்டாமல் அல்லது பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், மணல் பக்கத்தில் ஆழத்தோடு போராடுவதே வீண். அகலமாகப் போங்கள். 3 மீற்றர் சதுரம், 600 மில்லிமீற்றர் கனம் என்றால் 5.4 கன மீற்றர். முன்சொன்ன கட்டையைவிடக் கொங்கிறீட் மூன்றிலொரு பங்குதான் கூடுதல். தண்ணீருக்குள் அது 7.6 தொன், நெம்பு தூரம் ஒன்றரை மீற்றர், எதிர்ப்பு 11.3 தொன்-மீற்றர். இரண்டு மடங்கு! தோண்ட வேண்டிய ஆழமும் குறைவு. ஒரு நிபந்தனை: அகலமான தட்டு வளையும், ஆகவே கம்பி வலை அடியில் மட்டும் போதாது, மேலேயும் வேண்டும். வீட்டுப் பழக்கத்தில் மேல் வலையைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள்.

காலத்தையும் பாருங்கள். நீர்மட்டம் மிகக் கீழே இருப்பது ஆகஸ்ட், செப்டெம்பரில். ஒக்டோபரில் மழை பிடித்தால் தை வரை தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

போல்டும் பேஸ் பிளேட்டும் பொருந்தவில்லை

கொங்கிறீட்டில் பதித்த போல்டுகளும் டவர்க் காலின் அடித்தகட்டில் (பேஸ் பிளேட்) உள்ள துளைகளும் பொருந்தாதது, டவர் லொறியில் வந்து இறங்கிய பிறகுதான் தெரியவரும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் அவசரம், யாராவது காஸ் கட்டரைக் கொண்டுவரச் சொல்வார்கள். அதைத் தடுப்பதுதான் முதல் வேலை.

எல்லாப் போல்டும் ஒரே பக்கமாக ஒரே அளவு விலகியிருந்தால் வார்க்கும்போது போல்டுகளைச் சரியான இடைவெளியில் பிடித்து வைக்கும் மாதிரித் தகடு முழுதாக நகர்ந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று உள்ள தூரம் சரி என்றால் டவர் சற்றுத் தள்ளி உட்காரும், அவ்வளவுதான். போல்டுக்கும் கொங்கிறீட் விளிம்புக்கும் இடையில் போதிய தூரம் மிஞ்சுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு போல்ட் மட்டும் சில மில்லிமீற்றர் விலகியிருந்தால், வைபிரேட்டர் தட்டியிருக்கும் அல்லது யாராவது மிதித்திருப்பார்கள். பேஸ் பிளேட்டின் துளையைத் துரப்பணத்தாலும் அரத்தாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டி, மேலே துளையை முழுதாக மூடும் தடித்த வாசர் தகடு போடலாம். டவரை வடிவமைத்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கல்வனைஸ் போன இடத்துக்குத் துத்தநாகப் பூச்சு அடியுங்கள்.

போல்ட் சாய்ந்திருந்தால் சுத்தியலால் அடித்து நிமிர்த்தக் கூடாது, கழுத்தடியில் கொங்கிறீட் உடையும். சூடாக்கி வளைப்பது அதைவிட மோசம்: உயர்பலப் போல்ட் சூட்டில் பலத்தை இழக்கும், வெளியே எதுவும் தெரியாது. ஒரு காலின் போல்ட் கூட்டமே விலகிப்போய்விட்டது என்றால், அந்தக் காலைச் செயின் போட்டு இழுத்துப் பொருத்துவது தற்காலிகமாக வெற்றி போலத் தோன்றும். இழுத்துப் பூட்டிய விசை டவருக்குள்ளேயே இருக்கும், காற்று வரும்போது அதோடு சேரும். இந்த நிலைக்கு இடைத்தகடு செய்வதா, தூணின் (அடித்தட்டிலிருந்து எழும்பி டவரின் காலைத் தாங்கும் கொங்கிறீட் தூண்) தலையை உடைத்து மீண்டும் வார்ப்பதா என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும்.

போல்ட் குட்டையாகிவிட்டதா? நட் முழுதாக ஏறி, அதற்கு மேல் இரண்டு புரியாவது தெரிய வேண்டும். இல்லையென்றால் அந்தப் போல்ட் கணக்கில் இல்லை. மேலே துண்டு வைத்து வெல்ட் பிடிப்பது வேண்டாம்.

வருமுன் காப்பது மிக இலகு. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மாதிரித் தகடு போடுங்கள். இரு மூலைவிட்டங்களும் சமமா, மூன்று கால் டவர் என்றால் மூன்று பக்கங்களும் சமமா என்று கொங்கிறீட் போடும் முன் ஒரு தடவை, போட்டு முடிந்ததும் ஒரு தடவை அளவுங்கள். பச்சையாக இருக்கும்போது போல்ட்டைக் கையால் நகர்த்தலாம். புரிகளுக்குக் கிறீஸ் தடவி டேப் சுற்ற மறக்காதீர்கள்.

வெடிப்பு

எப்போது வந்தது என்று கேளுங்கள். பாதி விடை அதில் இருக்கும்.

போட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில், மேற்பரப்பில் ஏறத்தாழ இணையான கோடுகளாக வந்தால் குற்றவாளி கச்சான். வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கேயிருந்து வீசும் அந்தக் காய்ந்த காற்று, கொங்கிறீட்டின் மேல்தண்ணீரை உறிஞ்சிவிடும். உள்ளே இன்னும் பச்சை, மேலே தோல் சுருங்கி வெடிக்கும். நிலத்தடி நீர் குறைந்த காலமும் கச்சான் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது நமது தலைவிதி. வெடிப்பைக் கண்டவுடனே, இறுகும் முன், மரத்தேய்ப்பால் அழுத்தித் தேய்த்தால் மூடிவிடும். இறுகிய பிறகு தேய்த்தால் மேலே மெழுகியதாகத்தான் இருக்கும். அடுத்த முறை மாலை வெயில் தாழ்ந்த பிறகு போடுங்கள், காற்று வரும் பக்கம் கிடுகு அல்லது தகரம் கட்டுங்கள், மண்ணையும் பலகையையும் முன்பே நனையுங்கள், மட்டம் தட்டியதும் பொலித்தீனால் மூடுங்கள். மறுநாளிலிருந்து ஈரச்சாக்கு, குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த சீமெந்து என்றால் 10 நாளுக்குக் குறையக் கூடாது. அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும்.

வெடிப்பு மேல் வலைக் கம்பியின் கோட்டிலேயே ஓடுகிறதா? கொங்கிறீட் இறங்கியபோது கம்பி அதைத் தடுத்திருக்கிறது. கூட்டில் தண்ணீர் கூடுதல், அல்லது வைபிரேட்டர் போதவில்லை.

தட்டும் தூணும் சேரும் இடத்தில் கிடையாக ஒரு கோடு தெரிந்தால் அது வெடிப்பு அல்ல, இரண்டு நாள் வேலையின் பொருத்து. பழைய பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் மேலே போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் பிடுங்கும் விசையைத் தாங்குவது கம்பிகள் மட்டுமே என்பதால், தூணின் கம்பி தட்டுக்குள் போதிய நீளம் போய் மடிந்திருக்கிறதா என்பதுதான் முக்கிய கேள்வி. படம் எடுத்து வைத்திருந்தால் நல்லது.

போல்டிலிருந்து விளிம்புக்கு ஓடும் வெடிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்று, போல்ட் விளிம்புக்கு அருகே இருக்கிறது. அல்லது கொங்கிறீட் முற்றும் முன் நட்டை முறுக்கிவிட்டார்கள். 7 நாளில் சாதாரண சீமெந்துக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பலம், முழுக் கணக்கு 28 நாளுக்கு. தேர் இழுக்கும் அவசரத்தில் பத்தாம் நாள் டவர் ஏற்றுவது நம் ஊரில் சாதாரணம், சரி, ஆனால் மழை மாதத்தில் அதைச் செய்யாதீர்கள்.

பலகை கழற்றினால் தேன்கூடு போல ஓட்டை

சுத்தியலால் தட்டி, உதிர்வதையெல்லாம் கொத்தி எடுங்கள். கம்பி தெரியவில்லை என்றால் சுத்தமாக்கி, நனைத்து, 1:2 சீமெந்து-மணல் சாந்தால் அழுத்தி நிரப்பலாம். கம்பி தெரிந்தால் அதன் பின்னாலும் ஒரு அங்குலம் வரை கொத்தி, சிறு சல்லிக்கல் கலந்த கொங்கிறீட் போட வேண்டும். போல்டைச் சுற்றித் தேன்கூடு என்றால் பூசி மறைக்காதீர்கள். அந்தப் போல்டைப் பிடிக்க வேண்டிய கொங்கிறீட் அங்கே இல்லை.

காரணம் அநேகமாகக் கம்பி நெருக்கம், பெரிய சல்லிக்கல், தடியால் குத்தியதை வைபிரேட்டராக எண்ணியது. போல்ட் கூட்டம் இருக்கும் தூண்களில் முக்கால் அங்குலச் சல்லிக்கல்லுக்குப் பெரியது போகக் கூடாது.

மேற்பரப்பு ஆணியால் கீறினால் தூளாகிறது

தண்ணீர் கூடிவிட்டது, அல்லது போட்டுக்கொண்டிருக்கும்போது மழை. 50 கிலோ மூடைக்கு 25 லீற்றருக்கு மேல் வேண்டாம், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறையும். கீறல் இரண்டு மூன்று மில்லிமீற்றருடன் நின்றால் அந்தத் தோலைக் கொத்தி எடுத்துவிட்டுக் கிறவுட் (இடைவெளியை நிரப்பும் சாந்து) போடலாம். ஆழமாகப் போனால் கொங்கிறீட்டே பலவீனம். 1:1½:3 (சீமெந்து, மணல், சல்லிக்கல்) கூட்டுக்கு ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 8 மூடை போகும். எத்தனை மூடை வந்தது, எத்தனை மிச்சம் என்று கணக்குப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பழுப்புக் கறை வடிகிறது

ஓரிரு வருடத்தில், போல்டைச் சுற்றி அல்லது தூணின் பக்கத்தில் தெரியும். கறை போல்டின் அடியிலிருந்து மட்டும் வந்தால் பேஸ் பிளேட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறது. கிறவுட் போடாமல் மட்ட நட்டுகளின்மேல் (பேஸ் பிளேட்டை மட்டப்படுத்த அதன் அடியில் போடும் நட்டுகள்) அப்படியே விட்டிருப்பார்கள், அல்லது தூணின் தலையில் வெளிச்சரிவு இல்லை. காலுக்குக் குழாய் போட்ட டவர் என்றால் குழாயின் அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கிறவுட் போடும்போது அதை அடைத்துவிடுவார்கள், குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மின்னலுக்கான செப்புப் பட்டியைக் கல்வனைஸ் போல்டிலேயே நேராக முறுக்கியிருந்தால் உப்புக் காற்றில் அந்தத் துத்தநாகம் வேகமாகக் கரையும். இடையில் அதற்கான இணைப்பான் வேண்டும்.

கறை தூணின் பக்கத்தில், கம்பியின் கோட்டில், வெடிப்போடு வந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். கடல் மணல் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வாவி மணலைப் பற்றி அவ்வளவு கவனமில்லை. பாலமீன்மடு முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும் வாவி அது, அதன் மணலும் உவர்தான். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீரும் அப்படியே: குடிக்க முடியாத தண்ணீரில் கொங்கிறீட் குழைக்காதீர்கள். மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பது படுமோசமானதை மட்டும் பிடிக்கும், கரிக்கவில்லை என்பதால் உப்பே இல்லை என்று ஆகாது.

திருத்தம் என்றால் கம்பியின் பின்புறம் வரை கொத்தி, துருவை முழுதாக எடுத்து, பூச்சு அடித்து, மீண்டும் பூசுவது. உப்பு கூட்டிலேயே இருந்தால் இது தவணை வாங்குவதுதான். ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த துரு கிளம்பும். மண்ணோடு தொடும் பக்கங்களில் கம்பிக்கு வெளியே 75 மில்லிமீற்றர் கொங்கிறீட் இருந்திருக்க வேண்டும், அடியில் மெலிந்த கொங்கிறீட் படுக்கை போட்டிருந்தால் 50. கம்பி வலையை மண்ணில் கிடத்திவிட்டு, போடும்போது கொக்கியால் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டவர் சாய்ந்திருக்கிறது

காற்றில்லாத காலை நேரத்தில் பாருங்கள், வெயில் ஏறினால் ஒரு பக்கத்து இரும்பு நீளும். தூக்குக்குண்டைக் கையில் பிடித்து, ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு திசைகளிலிருந்து டவரின் விளிம்போடு ஒப்பிடுங்கள். பிறகு மேலிருந்து கீழே வாருங்கள்: ஸ்டே கம்பிகளின் (டவரைச் சாயாமல் சுற்றி இழுத்துப் பிடிக்கும் கம்பிகள்) இழுப்பு, பிறகு நட்டுகள், பிறகு தூண்களின் மட்டம், கடைசியாக மண். நீர்மட்டக் குழாயால் தூண்களின் தலைகளை ஒப்பிட்டால், சாய்ந்தது டவரா அத்திவாரமா என்பது தெரிந்துவிடும். அத்திவாரம் சரியென்றால் மட்ட நட்டுகளில் திருத்தலாம்.

தூணைச் சுற்றி மண்ணில் இடைவெளி எந்தப் பக்கம் என்று பாருங்கள். வாடை வடகிழக்கிலிருந்து வீசும், ஆகவே அந்தப் பக்கத்துக் கால்தான் பிடுங்கப்படும். அங்கே தூணைச் சுற்றி மண் பிளந்து தூக்கியிருந்தால் நிறை போதவில்லை. நட்டை முறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. நிறையைக் கூட்ட வேண்டும், அதாவது பழைய தட்டோடு கம்பியால் பிணைத்து அகலமாக்க வேண்டும்.

ஸ்டே கம்பி டவரில் ஒரு கம்பி மட்டும் திரும்பத் திரும்பத் தளர்கிறதா? கம்பியின் மறுமுனையை மண்ணுக்குள் பிடிக்கும் நங்கூரக் கட்டையின் பின்புறம், அதாவது டவருக்கு எதிர்ப்புறம், மண்ணில் வெடிப்புத் தெரியும். கட்டை டவரை நோக்கி நகர்கிறது. 45 பாகையில் 500 கிலோ இழுக்கும் கம்பி கட்டையை 350 கிலோவால் மேலே தூக்கும், அதே அளவு பக்கமாக இழுக்கும். 600 மில்லிமீற்றர் கனசதுரக் கட்டை காய்ந்த மண்ணில் 518 கிலோ, தாங்கும். வெள்ளத்தில் 302 கிலோ, தாங்காது. டேர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கும் திருகு) முறுக்கிக்கொண்டே போனால் டவரை அந்தக் கட்டையை நோக்கி வளைப்பதுதான் மிச்சம். கட்டையைப் பெரிதாக்கி ஆழமாகப் புதைத்து, முன்பக்கத்து மண்ணை இறுக்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டே கம்பியைக் கண்டால் மாடு கட்டாமல் இருக்க நம்மவர்களால் முடியாது. சுற்றி வேலி போடுங்கள். அம்பாறையில் யானை வரும் பக்கமென்றால் ஸ்டே கம்பி டவரே வேண்டாம். தானாக நிற்கும் ரகத்துக்குப் போங்கள்.

சுற்றி மண் தாழ்ந்து தண்ணீர் தேங்குகிறது

கிடங்கைத் திரும்ப மூடும்போது ஒரே தடவையில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். தட்டின்மேல் இருக்கும் மண்ணும் டவரைப் பிடித்து வைக்கும் நிறையின் ஒரு பகுதி என்பதால் இது அழகுக்கான குறை அல்ல. மண்ணை எடுத்து, 200 மில்லிமீற்றர் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்குங்கள். மணலுக்கு அளவாகத் தண்ணீர் விட்டால் நன்றாக இறுகும். கொக்கட்டிச்சோலை, வவுணதீவு போன்ற படுவான்கரை வயல் பக்கத்தில் தோண்டிய களிமண் கட்டிகளைத் திரும்பப் போடாதீர்கள்; கோடையில் வெடித்து, மாரியில் சேறாகும். கிறவல் கொண்டுவந்து நிரப்புங்கள். தூணைச் சுற்றி வெளிச்சரிவாக ஒரு மண் மேடு, கடைசியில் புல். வெள்ளம் வடிந்த பிறகு ஒரு கம்பியைத் தட்டின் விளிம்போரம் குத்திப் பாருங்கள். தட்டின் அடிவரை தடையில்லாமல் இறங்கினால் மண் அரிக்கப்பட்டிருக்கிறது. அதை நிரப்பி இறுக்கும் வரை டவரில் ஆள் ஏறக் கூடாது.